நட்சத்திரம் துடைப்பவரின் எடை

நாற்பத்தொரு வயதான அந்தப் பெண்ணை நாடகக் கொட்டகையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் 'பட்டன்'. பட்டன் அழுத்துவதெல்லாம் ஒரு வேலையா என்று யாராவது கேட்டால் சண்டைக்குப் போகமாட்டாள். "ஒரு நாள் வந்து அழுத்திப் பாருங்க," என்பாள். இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

முன்பு ஒன்பது வருடம் கார் தொழிற்சாலையில் இருந்தாள். கார்க் கதவுகளைத் தூக்கி மாட்டும் ராட்சத ரோபோக் கை ஒன்றை ஓட்டுவது வேலை. தொழிற்சாலைக்குப் புதுக் கைகள் வந்தபோது, பழையதைக் குழந்தைகளுக்கு நாடகம் போடும் இந்தக் கொட்டகை வாங்கியது. வாங்கியவர்களுக்கு எதை அழுத்தினால் எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடத் தெரியவில்லை. மாட்டை விற்றவர்கள் கயிற்றையும் சேர்த்துக் கொடுப்பதுபோல், தொழிற்சாலைக்காரர்கள் இவளையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. கதவு தூக்கிய கை கதை சொல்லப் போகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அதுவும் அந்தக் கொட்டகையில் நடிக்கிறவன் சொந்த அண்ணன்.

கைக்கு மஞ்சள் சாயம் அடித்தார்கள். மணிக்கட்டில் இரண்டு கண் வரைந்தார்கள். குழந்தைகள் அதற்கு 'ஒத்தக்கையன்' என்று பெயர் வைத்தார்கள். அதன் நுனியில் ஒரு இருக்கை. தொளதொளவென்ற நீல அங்கியும் மாவு பூசிய முகமுமாக அண்ணன் அதில் உட்காருவான். ஒத்தக்கையன் அவனைப் பன்னிரண்டடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். அங்கே தொங்கும் அட்டை நட்சத்திரங்களை அவன் ஒரு கந்தல் துணியால் துடைப்பான். "அங்க ஒண்ணு அழுக்கா இருக்கு!" என்று கீழே குழந்தைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். கதை அவ்வளவுதான். ஆறு வருடமாகக் கூட்டம் குறையவில்லை.

ரோபோக் கைக்கு ஒரு குணம் உண்டு. தான் தூக்குவது எவ்வளவு கனம் என்று அதற்குச் சரியாகத் தெரிந்தாக வேண்டும். கூட்டிச் சொன்னால், வெறுங்குடத்தை நிறைகுடம் என்று நினைத்துத் தூக்கியவன் கைபோல் மேலே துள்ளும். குறைத்துச் சொன்னால் தொய்ந்து கீழே போகும். கார்க் கதவு துள்ளினால் கதவுக்குத்தான் நஷ்டம். இங்கே மேலே இருப்பது கூடப் பிறந்தவன். அதனால் ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் எடை பார்ப்பது வழக்கம். முதலில் வெறும் இருக்கையை வைத்து ஜீரோ போடுவாள். பிறகு மேடைக்கு அடியில் இறங்கி வயர்களைச் சரிபார்ப்பாள். அவள் ஏறி வருவதற்குள் அண்ணன் வேஷத்தோடு உட்கார்ந்திருப்பான். மேடையோரச் சின்னத் திரையில் வருகிற எண்ணைப் பலகையில் சாக்பீஸால் எழுதுவாள். ஐந்து கிலோ முன்னே பின்னே ஆனால், டாக்டர் சீட்டு வரும்வரை அந்த ஆளை ஏற்றக் கூடாது என்பது மேடை மேனேஜர் போட்ட சட்டம். எதற்கெடுத்தாலும் மணி சொல்கிறவர் என்பதால் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர்.

பத்து மாதமாகப் பலகையில் எழுபத்தொன்று. நூறு கிராம்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. "எங்க அண்ணன் உடம்பு எடைக்கல்லு மாதிரி," என்று அவள் பெருமை அடித்துக்கொண்டாள். இங்கேதான் ஏமாந்தாள். எடையோடு பதினைந்து வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாமல் போகலாமா? ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் மனிதன் ஏறுவான், வேர்த்தால் இறங்குவான். மாறாமல் நிற்பது இரும்பு மட்டும்தான். வேறு யாருடைய எண்ணாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பாள். அண்ணனுடைய எண் என்பதால் சந்தோஷப்பட்டாள்.

கன்னம் ஒட்டிப்போனதை அவள் கவனிக்காமல் இல்லை. கேட்டதற்கு, "நாப்பத்தொம்பது வயசுல கன்னம் உப்பிக்கிட்டா இருக்கும் பாப்பா?" என்று சிரித்தான். அண்ணி வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை வந்து போகிறவள். சமீபமாக அண்ணன் மேடைக்கு நடந்து வரும் பத்தடியில் மூச்சு வாங்கியது, கால் பின்னியது. குழந்தைகள் அதைப் புது நடிப்பு என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடிகாரமும் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அன்று விடுமுறைக் காலத்தின் நான்காம் நாள். பதினோரு மணிக் காட்சி. அரங்கில் முந்நூறு குழந்தைகள்.

மூன்றாவது நட்சத்திரம்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு; ஒத்தக்கையனின் அடிப்பாகம் அதற்குள்தான் இருந்தது. கை பள்ளத்துக்கு மேலே நீண்டு நின்றது. அண்ணன் துணியோடு எட்டிக் குனிந்தான். அவனுடைய அங்கிக்கு உள்ளேயிருந்து கனமாக ஏதோ நழுவி நேரே பள்ளத்துக்குள் விழுந்தது. இரும்புக் கடையே சரிந்ததுபோல் சத்தம். அடுத்த நொடி ஒத்தக்கையன் ஒரு முழம் எகிறி, அப்படியே உறைந்து நின்றான்.

குழந்தைகள் கைதட்டினார்கள்.

அரங்கின் பின்பக்கக் கண்ணாடி அறையில் பட்டன் கருவியைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எடை காட்டும் இடத்தில் எண் இல்லை. நாலு கோடுகள் மட்டும் மினுங்கின. குலுங்கிய வேகத்தில் எடைக் கருவி முடங்கிவிட்டது. இனி எடையை அவளே அடித்துக் கொடுத்தால்தான் கை அசையும். ஆனால் எவ்வளவு என்று அடிப்பது?

"பட்டன், என்னம்மா ஆச்சு? பதினொன்னு இருபத்திரெண்டு ஆகுது," என்று காதுக் கருவியில் கடிகாரம் பதறினார்.

"கை பூட்டிக்கிச்சு சார். அண்ணன் மேல இருக்கான்."

"ஏணி கொண்டு வரச் சொல்லவா?"

"கீழ பள்ளம் சார், ஏணி எங்க நிக்கும்? தீயணைப்புக்குப் போன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன். இருபது நிமிஷமாவது ஆகுமாம்."

கேமராத் திரையில் அண்ணனைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.  இருக்கையின் வார் அவன் இடுப்பைப் பிடித்திருக்கவில்லை. மடியில் தொளதொளவென்று கிடந்தது. வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தலையணையைச் செருகலாம். அங்கிக்குள் எதையோ கட்டியிருந்த வயிற்றின் மேல் இறுக்கிய வார் அது. இப்போது அது இல்லை. இரண்டு கையாலும் பக்கக் கம்பியைப் பிடித்தபடி அவன் குழந்தைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய காதுக் கருவிக்கு மட்டும் பேசினாள். "அண்ணா, என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணுமில்ல பாப்பா. கொஞ்சம் நட்டு போல்ட்டு. இறக்கி விடு."

"எவ்வளவு?"

"அஞ்சு கிலோ இருக்கும்."

எழுபத்தொன்றில் ஐந்து போனால் அறுபத்தாறு. அடித்துவிட்டாள். விரல் பச்சைப் பட்டனுக்கு மேலே போய்விட்டது. அப்போது மறுபடி அந்த வாரைப் பார்த்தாள். ஐந்து கிலோ இரும்பு இரண்டு கைப்பிடிக்குள் அடங்கும். அதற்கு இவ்வளவு இடைவெளி வராது. விழுந்த சத்தமும் ஐந்து கிலோவின் சத்தமில்லை. எண்ணை அழித்தாள். பத்து மாதத்துக் கணக்கு அவளுக்கு அந்த ஒரு நிமிடத்தில் விளங்கியது. வயர் பார்க்க அவள் கீழே இறங்குகிற நேரத்தில், இவன் நட்டு போல்ட்டு நிரப்பிய பை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இருக்கையில் ஏறியிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான், அதுவும் அவள் கண்ணெதிரே.

"அண்ணா, பொய் சொல்லாத. இப்ப உன் எடை என்ன?"

"காட்சி முடியட்டும், எல்லாம் சொல்றேன்."

"காட்சியா? நான் கூட்டி அடிச்சா கை துள்ளும். உனக்கு வார் இல்ல. நீ பள்ளத்துக்குள்ள கிடப்ப."

 கீழே குழந்தைகள் ஒத்தக்கையன் தூங்கிவிட்டான் என்று முடிவு செய்துவிட்டார்கள். "ஒத்தக்கையா, எழுந்திரு! ஒத்தக்கையா, எழுந்திரு!" என்று முந்நூறு குரல் ஒன்றாகக் கத்தியது. கண்ணாடி அதிர்ந்தது.

"பாப்பா," என்றான் அண்ணன். குரல் மாறியிருந்தது. "கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"கம்பிய விடாத! இங்க பாரு, என்னப் பாரு. நம்பரச் சொல்லு."

"அறுபத்தி..."

"அண்ணா!" அவள் கத்திய கத்தலில் கடிகாரம் கண்ணாடி அறைக்கே ஓடி வந்துவிட்டார். "என் கையால நீ சாகணுமா? அதான் உனக்கு வேணுமா? சொல்லு!"

 ஏதோ திருடி மாட்டிக்கொண்டவனைப்போல் அண்ணன் மெதுவாகச் சொன்னான்.

"அம்பத்தி நாலு."

அவளுடைய எடையே அறுபத்திரெண்டு. தன்னைவிட ஒரு தலை உயரமான அண்ணன் ஐம்பத்து நாலு. அழுவதற்கு அப்போது நேரமில்லை. ஐம்பத்து நாலு என்று அடித்தாள். வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தாள். "கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் பச்சைப் பட்டனை அழுத்தினாள்.

ஒத்தக்கையன் துள்ளினான். பெரிய துள்ளல் இல்லை, ஒரு சாண் இருக்கும். ஆனால் இருக்கையிலிருந்து அண்ணன் எழும்பி, ஒரு பக்கமாகச் சரிந்து, ஒற்றைக் கையில் தொங்கி, மறு கையால் கம்பியைத் துழாவிப் பிடித்தான். அரங்கம் முழுக்க 'ஹோ'வென்று கூச்சல். கை மறுபடி பூட்டிக்கொள்ளவில்லை. அங்குலம் அங்குலமாக இறங்கத் தொடங்கியது.  அவளுக்குப் பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். துள்ளியது என்றால் அடித்த எண் அதிகம். சாவு கண்ணுக்கு எதிரே நிற்கும்போதும் கூட்டித்தான் சொல்லியிருக்கிறான்.

மேடையில் கால் பட்டதும் அண்ணன் குழந்தைகளுக்குக் கையசைத்தான். திரை விழுந்தது. திரைக்கு இந்தப் பக்கம் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் அரங்கைச் சுற்றி ஓடி வந்து அவன் முன்னால் நின்றாள். "இன்னுமாடா பொய்?" பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் 'டா' போட்டதில்லை. "கை துள்ளுச்சு, நான் பார்த்தேன். அம்பத்தி நாலு இல்ல நீ!"

"சத்தியமா அம்பத்தி நாலு பாப்பா. பத்து நாளைக்கு முன்னால கிளினிக்ல நிறுத்திப் பார்த்தாங்க." அங்கிக்குள் கைவிட்டு, நாலாய் மடித்த சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகவும் என்று எழுதி, உடனே என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. "சீசன் முடியட்டும்னு இருந்தேன். சீட்டைக் காட்டினா கடிகாரம் என்னை ஏத்த மாட்டாரு. மேல போய் உக்காந்தா மட்டும்தான் எனக்கு ஒடம்பு ஞாபகம் வராது பாப்பா. அந்தப் புள்ளைங்க கத்துற அரை மணி நேரம் நான் நல்லா இருக்கேன்."

அவளுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. பள்ளத்துக்குள் இறங்கினாள். காடாத் துணியில் தைத்த பை அது. இரட்டைத் தையல், அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. நாடா மட்டும் அறுந்திருந்தது. உள்ளே அவளுடைய பழைய டப்பாவிலிருந்த துருப்பிடித்த நட்டுகளும் போல்ட்டுகளும். இரண்டு கையாலும் தூக்கி மேடையில் வைக்கும்போது அவளுக்கே இடுப்பு பிடித்தது. இதைக் கட்டிக்கொண்டா தினமும் நடந்து வந்தான்?

"இதுல எவ்வளவு இருக்கு?"

"தெரியாது."

"தெரியாதா?"

"காலையில நீ கீழ இறங்கினதும் இருக்கையில உக்காந்து, திரையில எழுபத்தொண்ணு வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணாப் போடுவேன். வந்ததும் நிறுத்திடுவேன். பைய மட்டும் தனியா நிறுத்திப் பார்த்ததில்ல." தலையைத் திருப்பிக்கொண்டான். "நீயும் பாக்க வேணாம் பாப்பா."

அதற்குள் கடிகாரமும் வந்து நின்றார். எடைக் கருவியை அணைத்து மறுபடி போட்டதில் உயிர் வந்திருந்தது. அவள் வெறும் இருக்கைக்கு ஜீரோ போட்டாள். பையைத் தூக்கி இருக்கையில் வைத்தாள். எண் ஆடி ஆடி நின்றது.

இருபது புள்ளி மூன்று.

கழித்துப் பார்க்க மூன்று பேருக்கும் காகிதம் தேவைப்படவில்லை. கிளினிக் எடை என்று அவன் சொன்னது பொய்யில்லை. பத்து நாளில் இன்னும் மூன்று கிலோ போயிருக்கிறது; அதற்கும் சேர்த்துக் காலையில் போல்ட்டு போட்டவன், போட்டதை எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.  கடிகாரம், "ரெண்டரை மணிக் காட்சி இல்லைன்னு எழுதி வாசல்ல மாட்டச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

அண்ணன் இருக்கையில் கிடந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாவு வேர்வையில் கரைந்து கழுத்தில் வழிந்தது.

"இவ்வளவா போயிட்டேன்?"

 அவள் குனிந்து அவனுடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கனமாக இருப்பான் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கியதில், அவன் சட்டென்று எழும்பி அவள் மேலேயே வந்து சாய்ந்தான். அவள் கீழே விழாமல் காலை ஊன்றி நின்றுகொண்டாள். வேஷத்தைக் கலைக்கக்கூட நிற்கவில்லை. அப்படியே நடத்திக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.