வக்கீலம்மா கேட்ட பத்தி எண்

அலுவலகத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். நிரலை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் கம்பைலரைச் செய்வது அவர்கள் வேலை. அதில் ஒரு வரி மாற்றினாலும், நிரல்மொழியின் விதிகளைச் சொல்லும் தரநூலில் எந்தப் பத்திப்படி மாற்றினோம் என்று எண் போட வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

இப்போது அதே தரநூல் அவள் கழுத்தை அறுத்தது. நிரலில் கிளாஸ் என்று ஒரு தொகுப்பு உண்டு; ஒரு கிளாஸ் மூடிவைத்த உறுப்பை அதிலிருந்து பிறந்த பிள்ளைக் கிளாஸ் தொடலாம், "அந்தக் கிளாஸ் வழியாக" என்கிறது நூல். எந்தக் கிளாஸ்? தாயா, பிள்ளையா? இவர்கள் கம்பைலர் இரண்டு வழியையும் விட்டது. போட்டி நிறுவனத்தின் கம்பைலர் தாய் வழியை மறுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் போட்டிக்காரரிடமே போய்விடுவதாகப் பெரிய வாடிக்கையாளர் எழுதிவிட்டார். அவர் போனால் அவள் குழுவில் நாலு பேருக்கும் வேலை இல்லை.

"அவங்க மாதிரியே மறுத்துத் தொலையேம்மா," என்றார் மேலாளர்.

"எந்தப் பத்திப்படி சார்?"

"நீயும் உன் பத்தியும்!"

தரநூலை எழுதும் தரக் குழுவுக்கு இதைக் கேட்டு அவள் எழுதி மூன்று வருடம். வியாழனன்று பதில் வந்தது: வாசகம் தெளிவில்லைதான், எல்லாக் கம்பைலர்களும் ஒன்றுபோல் நடந்தால் அதையே எழுதிவிடலாம்.

"வெளங்கிடும்!" என்றாள்.

போட்டி நிறுவனத்தில் தெரிந்தவர் ஒருவருக்கு ஃபோன் போட்டாள். "எதை வெச்சுண்ணே மறுக்கிறீங்க?"

"இணையத்துல யாரோ விளக்கமா எழுதியிருந்தாங்கம்மா. சுட்டி அனுப்புறேன்."

திறந்து பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே எழுதியது. பிள்ளை வழியாக மட்டும்தான் என்று தோன்றுகிறது, சரிதானா என்று முடித்திருந்தாள். யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

தலையில் அடித்துக்கொண்டு, தாய் வழியை மறுக்கும்படி கம்பைலரில் அந்த வரியை மாற்றினாள். பத்தி எண்ணுக்கான கட்டத்தில் அந்தச் சுட்டியையே ஒட்டினாள். வெள்ளி மாலை, மாற்றங்களைச் சரிபார்த்துக் கம்பைலருக்குள் விடும் எதிர் மேசைக்காரர் திருப்பி அனுப்பினார்.

"இது எண் இல்லையே வக்கீலம்மா. நீ போட்ட சட்டம்தானே?"

"அண்ணே, நாமளும் மறுத்தா தரக் குழு இதையே எழுதிடும். எண் வந்துடும்."

"வந்ததும் அனுப்பு."

"நீங்க உள்ள விட்டாத்தாண்ணே எண்ணே வரும்!"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே விட்டார்.

அவள் அந்தப் பழைய கேள்விக்குத் திரும்பப் போனாள். ஒன்பது வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் பதில் அடித்தாள்: "சரிதானாம்."