செயலாளர் கீழே இறங்கி வந்த நாள்

சிட்னி ஹாப்வுட்டைப் பந்து வீச்சை விட நாற்காலிதான் அதிகம் வாட்டியது. பதினேழு வயதில் நூற்பாலையை விட்டு மாவட்டக் கிரிக்கெட் அணிக்கு வந்தவர். வட இங்கிலாந்தின் ஆல்டர்க்ளஃப் மைதானத்தில் பென்னைன் மலைக்காற்றை எதிர்த்து ஓடி ஓடியே இளமையைத் தீர்த்தார். முதுகில் காற்று தள்ளிவிடும் முனையிலிருந்து பந்து வீசும் யோகம் எப்போதும் வேறு யாருக்காவதுதான் போகும். முழங்கால் கைவிட்டதும் நிர்வாகக் குழு இரக்கப்பட்டு மாடியில் ஒரு மேசை கொடுத்தது. சில வருடங்களில் அவரே செயலாளர்.

செயலாளர் வேலை என்ன பெரிய வேலை? மழை பெய்தால் திட்டு வாங்க வேண்டும். பெய்யாவிட்டால், தேநீர் ஆறிப்போனதற்குத் திட்டு வாங்க வேண்டும். ஒரு உறுப்பினரின் நாய் இன்னொருவரின் தொப்பியைக் கடித்தாலும் இவர்தான் பதில் எழுத வேண்டும். அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பொறுக்க முடியாதது ஆகஸ்ட் மாதம்.

ஆகஸ்ட் கடைசியில் குழு கூடி, அடுத்த கோடைக்கு யார் வேண்டும், யார் வேண்டாம் என்று முடிவு செய்யும். வேண்டியவனுக்குத் தபாலில் கடிதம் போகும். வேண்டாதவனிடம் நேரில் சொல்வதுதான் மரியாதை என்று அங்கே ஒரு பழைய வழக்கம். அதற்காகச் செயலாளர் மாடியிலிருந்து வீரர்கள் அறைக்கு இறங்கி வருவார். அதனாலேயே, அந்த மாதத்தில் அவர் தலை தெரிந்தால் அறையில் பேச்சு அடங்கிவிடும். அதே அறையில் சீட்டாட்டத்தில் ஏமாற்றி, "சிட்" என்று எல்லோரிடமும் வசவு வாங்கியவர் இப்போது மிஸ்டர் ஹாப்வுட் ஆகிவிட்டார். அந்த மரியாதை அவருக்குக் கசந்தது.

அந்த வருடம் எர்னி கௌலிங்கை அனுப்பிவிடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. எர்னி விக்கெட் கீப்பர். சிட்னியின் பந்துகளை அத்தனை வருடமும் பிடித்தவன். கைவிரல்கள் ஆளுக்கொரு பக்கம் கோணியிருக்கும். வயதாகிவிட்டது, ஆனால் அவனுக்கு வேறு பிழைப்பு தெரியாது. எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காத சிட்னி அன்று பிடித்த பிடியை விடவில்லை. அவன் போனால் நானும் போகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். மதியச் சாப்பாடு தள்ளிக்கொண்டே போக, பசி தாங்காமல் குழுப் பெரியவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். எர்னிக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தது.

இதைத் தபாலில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. வெளியே மழையில் ஆட்டம் நின்றிருந்தது. வலிக்கும் முழங்காலோடு படிகளில் கிட்டத்தட்ட ஓடினார். தான் செயலாளர் என்பதும், அது ஆகஸ்ட் என்பதும் அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு மறந்தே போயிற்று.

கதவைத் திறந்தார். பேச்சு அடங்கியது. எர்னி அவரைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்தான்.

"இரு சிட், நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் வாயால அதைச் சொல்ல வச்சா எனக்குத்தான் பாவம். நானே விலகிக்கிறேன்."

சொல்லிவிட்டு அறையைச் சுற்றி வந்து ஒவ்வொருவர் கையையும் குலுக்கினான். ஒவ்வொருவரும் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். சிட்னி குறுக்கே பேசப் பார்த்தார். எர்னி திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டி அடக்கினான். எல்லோருக்கும் கை கொடுத்து முடித்துவிட்டுக் கடைசியாக அவர் முன்னால் வந்து கையை நீட்டினான்.

சிட்னி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "எர்னி, உன்னை வச்சுக்கிறாங்கடா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எர்னி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லோரிடமும் கை குலுக்கி விடைபெற்றாகிவிட்டது. அதன் பிறகு திரும்ப வந்து உட்கார்ந்தவன் அந்த ஊரில் இதுவரை இல்லை.

"அதுக்கு நீ ஏண்டா கீழ வந்தே?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு மழையிலேயே போய்விட்டான். சிட்னி அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்கள் அவர் எப்போது மாடிக்குப் போவார் என்று காத்திருந்தார்கள்.