மூன்று நாட்டுச் சட்டம் தெரிந்த அப்துல் சலாம்

அப்துல் சலாமுக்கு மூன்று நாட்டுத் தொழிலாளர் சட்டம் அத்துப்படி. சவூதிச் சட்டத்தைத் தம்மாமில் பதினோரு வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டார். சிங்கப்பூர்ச் சட்டத்தை அவர் மனைவியின் அண்ணன் நைனா முகமது விடுப்பில் வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். இந்தியச் சட்டத்தை மட்டும் திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் விலைக்கு வாங்கினார். பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படித்ததில் அந்தத் தடிப் புத்தகத்தில் கோடு படாத பக்கமே இல்லாமல் போயிற்று.

அவர் ஊர் லப்பைக்குடிக்காடு. பாலைவனத்திலிருந்து திரும்புகிறவர்கள் அங்கே கடை வைப்பது வழக்கம். சலாமுக்கு வியாபார சாமர்த்தியம் துளியும் கிடையாது. அதனால் 2001இல் ஊர் திரும்பியவர், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார். மனைவி நஜ்முன்னிசா இரண்டு வருஷம் தவணை கொடுத்தாள். அதற்குள் வேலை நிரந்தரமானால் ஊரில் இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மகள் பிறந்ததிலிருந்து அவளை நாலே தடவை பார்த்திருந்த மனிதர் அவர். 

தேநீர் இடைவேளையில் சலாம் பேச ஆரம்பித்தால் கூட வேலை பார்ப்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். சவூதியில் சங்கம் என்று முணுமுணுத்தாலே ஆளை விமானம் ஏற்றிவிடுவார்களாம். ஆனால் போகிறவன் கையில் உழைத்த வருஷங்களுக்கு உரிய பணிக்கொடையைக் கொடுத்துத்தான் அவருடைய கம்பெனி அனுப்பியதாம். சிங்கப்பூரில் முதலாளி, சங்கம், சர்க்கார் மூவரும் ஒரே மேசையில் சம்பந்திகளைப் போல உட்கார்ந்து பேசுவார்களாம். பிழைக்கப் போன மச்சானுக்கு மட்டும் அந்த மேசைப் பக்கம் வேலையில்லையாம். இந்தியாவிலோ சங்கம் உண்டு, மே தினத்துக்கு விடுமுறை உண்டு. அந்த விடுமுறை அன்று நிரந்தரத் தொழிலாளர்கள் கொடியேற்றி மிட்டாய் தின்பதை ஒப்பந்தத் தொழிலாளர்கள் லாரி மேல் நின்றபடி பார்ப்பார்கள்.

“அப்ப எந்த நாடுதான் பாய் ஒசத்தி?” என்று கேட்டார் கூட மூட்டை தூக்கும் வைத்திலிங்கம்.

“சட்டத்துல நம்ம நாடுதான். இருவத்துநாலு மாசத்துல நானூத்தி எம்பது நாள் வேல பாத்துட்டா நிரந்தரம் பண்ணியே ஆவணும். வேற எங்க இருக்கு இது?” என்றார் சலாம். சொந்தத் தோப்பைக் காட்டுகிற பெருமை அவர் குரலில் இருந்தது.

இந்த நானூற்று எண்பது விவகாரம் ஒப்பந்தக்காரர் சாமிதுரைக்கும் நன்றாகத் தெரியும். சட்டத்தை மீறுவதற்கு அவருக்கு மனம் வராது. ஆகவே நாலு மாதத்துக்கு ஒரு முறை ஆட்களின் பெயரை மாற்றிவிடுவார். ஆள் அதேதான், மூட்டையும் அதேதான், வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர் வேறு. சலாமுக்கு வாய்த்த பெயர் முருகையன். மேஸ்திரி “முருகையன்” என்று கூப்பிட்டால் இவர் கையைத் தூக்க வேண்டும். சலாம் மறுபடி சலாமாகிற மாதங்களில் வைத்திலிங்கம் முருகையனாக இருப்பார். முதல் தடவை வைத்திலிங்கம் முருகையன் என்று கையெழுத்துப் போடத் தயங்கியபோது தைரியம் சொன்னவரே சலாம்தான். தம்மாமில் மலையாளி ஒருவரின் அடையாள அட்டையைக் காட்டி ஒரு வருஷம் வேலை பார்த்தவர் அவர். எல்லா நாட்டிலும் இருக்கிற நடைமுறைதான், பயப்படாதீர்கள் என்றார். அவ்வளவு படித்தவர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்!

2003இல் தவணை முடிந்தது. சலாம் எல்லோருக்குமாக மனு எழுதினார். தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை நடந்தது. சலாம் அரை மணி நேரம் பேசினார். பிரிவு எண்களைப் புத்தகம் பார்க்காமல் அடுக்கினார், சவூதியையும் சிங்கப்பூரையும் ஒப்பிட்டார், நம் சட்டத்தின் மேன்மையை எடுத்துச் சொன்னார். அதிகாரி அசந்துபோய் அவருக்கு ஒரு டீ வரவழைத்தார். பிறகு பதிவேட்டைப் பிரித்தார். அப்துல் சலாம் என்கிறவர் வேலை பார்த்தது இருநூற்றுச் சொச்சம் நாள். வைத்திலிங்கமும் அப்படியே. முருகையன் என்று ஒருவர் மட்டும் ஐந்நூறு நாளுக்கு மேல் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்திருந்தார்.

“அந்த முருகையன் நான்தாங்க சார்” என்றார் சலாம்.

நிர்வாகத்தின் வக்கீல் புன்னகையோடு எழுந்தார். அப்படியானால் இவர் இரண்டு வருஷமாக ஆள்மாறாட்டம் செய்திருக்கிறார், அதற்கும் நம் நாட்டில் அருமையான சட்டம் இருக்கிறது என்றார். பின்பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களிடமும் ஆளுக்கொரு இரவல் பெயர் இருந்தது. சலாம் உட்கார்ந்துவிட்டார்.

நிரந்தர ஆணை, பதிவேட்டில் நாள் நிறைந்திருந்த முருகையன் பெயருக்கு வந்தது. முருகையன் கற்பனை ஆள் இல்லை. உடையார்பாளையத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த, சாமிதுரையின் சொந்த மைத்துனர். ஆலை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் ஆணையை வாங்கவே வந்தார். நல்ல மனிதர், சீருடை கொடுத்த அன்று எல்லோருக்கும் முந்திரிப் பருப்பு வழங்கினார். மூட்டையை எப்படித் தோளுக்கு ஏற்றுவது என்று அவருக்குக் காட்டிக் கொடுக்கும்படி மேஸ்திரி சலாமிடம் சொன்னார். சலாமும் காட்டிக் கொடுத்தார். கோபம் வரத்தான் செய்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றிருந்தாள் நஜ்முன்னிசா. நிரந்தர ஆணை வந்துவிட்டது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

“வேல கெடச்சிடுச்சாமே?”

“கெடச்சிடுச்சு. நான் பாத்த அவ்வளவு நாளும் கணக்குல சேந்துடுச்சு” என்றார் சலாம். “முருகையனுக்கு.”

அவளுக்கு அந்தப் பெயர் தெரியும். இரண்டு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கேலி செய்தவளே அவள்தான்.  உள்ளே படித்துக்கொண்டிருந்த மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

“இப்ப எந்த நாட்டுக்குப் போவப் போறீங்க?”