ஆயுத பூஜையன்று பிடித்த தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நான் ரைட்டர். புகார் எழுதுவதும் கேஸ் கட்டுவதும் என் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்டரே சொல்வார். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

புதுவாயலைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். புதிதாக வந்த இரும்புக் கம்பெனி, ஆசிட் கழுவிய தண்ணீரைக் குழாய் வழியாக ஊர் ஏரியில் விடுகிறது, அதைக் குடித்துக் கறவை மாடு செத்துவிட்டது, சினைமாடு ஒன்றுதான் மிச்சம் என்றார். பொதுத் தண்ணீரைக் கெடுத்தால் ஜெயில் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே செக்‌ஷன் இருக்கிறது. அதில் ஒரு கேஸ்கூட நான் போட்டதில்லை. சாம்பிள் எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தேன்.

ஒரு வாரம் இழுத்தடித்தேன். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. ஸ்டேஷனுக்குக் கம்பெனியின் அழைப்பும் வந்தது. அன்றைக்கு எந்தக் கம்பெனியில் மிஷின் ஓடும்? எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். குழாயில் சொட்டு இல்லை. பொரியும் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரும் வாங்கிக்கொண்டேன். வந்த வேலையோடு வேலையாக, குழாய் வாயில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து அரக்கு வைத்தேன். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். தெரிந்துதான் செய்தேன்.

தண்ணீரில் கெடுதல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. புகாரை மூடினேன்.

சினைமாடும் செத்தது. மறுநாள் அந்த விவசாயி கம்பெனி காம்பவுண்டுக்குள் இறங்கி, குழாயை மண் மூட்டைகளால் அடைத்துவிட்டார். மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கிய ஒரு மணி நேரத்தில் எஃப்.ஐ.ஆர். தயார். அத்துமீறி நுழைந்தது, சொத்துக்குச் சேதம் என்று இடம், நேரம், சாட்சி எதையும் விடவில்லை. அவரைப் பிடித்து வந்ததும் வாக்குமூலத்தையும் நானே எழுதினேன். நிற்க வைத்தே படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்டேன்.

"எல்லாம் கரீட்டா எய்திக்கீறீங்க சார்," என்றார். "என் புகாரயும் இதே மாரி எய்தியிருந்தா, நான் இன்னாத்துக்கு அந்தக் கொயாய அடைக்கப் போறேன்?"

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கூசிப்போனேன். ஆனாலும் மைப்பெட்டியைத் திறந்து, அவர் கட்டைவிரலைப் பிடித்து, கைநாட்டு வாங்கிக்கொண்டேன்.