சுவருக்கு அந்தப் பக்கத்து வெந்நீர்

மௌரீனுக்குத் தங்கையின் மேல் பொறாமை ஒன்றும் புதிதல்ல. ஜோகுபாளையத்தில் அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தபோது, மாமரம் தங்கை டீனாவின் பக்கம் போனது. ஆரம்பம் அதுதான். டீனாவுக்கு ஐம்பத்தேழு வயதிலும் முட்டி வலிக்காது. கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பாள். மகன் க்ளென் கூடவே இருக்கிறான். மருமகள் லீனாவோ, "மம்மி" என்று கூப்பிட்டு மாமியாரின் கன்னத்தைக் கிள்ளுவாள். ஊர் உலகத்தில் எந்த மருமகள் கிள்ளுகிறாள்?

மௌரீனின் ஒரே மகன் அமல் டொரண்டோவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாதி நேரம் அவனுடைய நெற்றி மட்டும்தான் தெரியும். கணவர் ஓஸ்வால்ட் எலெக்ட்ரீஷியன். ஊரார் வீட்டு மின்விசிறியோடு பேசுகிற அளவுக்குக்கூட மனைவியோடு பேசமாட்டார். முப்பது வருடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு, அந்த வீட்டின் அமைதி காதைக் குத்தியது.

ஆனால் தட்டு மட்டும் நின்றதில்லை. மொட்டைமாடியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் உண்டு. அதன் மேல் மீன் குழம்பு போனால் புட்டிங் திரும்பி வரும். காலித் தட்டைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அம்மா காலத்துப் பழக்கம். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த எட்டு மாதத்தில்கூட, அக்கா தங்கை இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

2020-இல் கொரோனா வந்தது. க்ளென் ஆபீஸ் வேலையைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்து முதுகுவலியை வரவழைத்துக்கொண்டான். கோவா போகும் திட்டமும் பாழானது. அந்த ஆத்திரத்தில் ஆன்லைனில் ஒரு ஹாட் டப்பை வரவழைத்துவிட்டான். காற்றடித்து நிற்க வைக்கிற வட்டத் தொட்டி. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். தண்ணீரைச் சுட வைக்க ஒரு மோட்டார் பெட்டி. அதுவே குமிழி குமிழியாகக் காற்றையும் விடும். டீனாவின் மாடியில் நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே அது வந்து உட்கார்ந்தது.

மௌரீன் துணி காயப்போடுகிற சாக்கில் ஒரே நாளில் நாலு முறை மாடி ஏறினாள், அந்த முட்டியோடு.

சாயங்காலம் ஆறு மணியானால் க்ளென் லேப்டாப்பை மூடுவான். பிறகு சிரிப்பு ஆரம்பிக்கும். லீனா ஏதோ சொல்வாள், டீனா மூச்சுமுட்டச் சிரிப்பாள், தண்ணீர் தளும்பும். ஆட்டோ சத்தம்கூட இல்லாத தெருவில் அந்தச் சிரிப்பு நேராக மௌரீனின் சமையலறைக்குள் இறங்கியது.

"அக்கா, வந்து ஆராமா உக்காருக்கா. உன் முட்டிக்கு நல்லது" என்று டீனா சுவர் மேல் கையை ஊன்றிக் கூப்பிட்டாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது.

போக வேண்டும் என்று மௌரீனுக்கு உடம்பே துடித்தது. டாக்டர் வெந்நீர் ஒத்தடம்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார். ஆனால் மீன் குழம்புக்குப் புட்டிங் வைக்கலாம், ஹாட் டப்புக்கு எதை வைப்பது? வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது அவளால் ஆகாத காரியம்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லடி" என்றாள்.

அன்றே குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு ஃபார்வர்ட் போட்டாள். சேர்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியில் கொரோனா ஏழு நாள் உயிரோடு இருக்கும் என்று யாரோ எழுதியது. உண்மையா என்று அவள் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவுமில்லை. மறுநாள் மாடியில் சிரிப்பு இல்லை. ஒரு வாரம் முழுக்க இல்லை. மௌரீன் நன்றாகத் தூங்கினாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றால் கோயில் பூட்டியிருந்தது. அதுவும் வசதியாகப் போயிற்று. எட்டாம் நாள் க்ளென் ஏதோ குளோரின் வில்லையை வாங்கிப் போட்டான். சிரிப்பு மறுபடி தொடங்கியது, முன்னைவிடச் சத்தமாக.

இரண்டு வருடம் அப்படியே போனது. ஆபீஸ்கள் திறந்தன. க்ளெனும் லீனாவும் டிராஃபிக்கில் மாட்டி இருட்டிய பிறகு வீடு திரும்பினார்கள். தொட்டியில் மாமரத்து இலை விழுந்து மிதந்தது. ஒருநாள் டீனா அதன் காற்றைப் பிடுங்கி, மடித்து, மோட்டார் பெட்டியோடு சுவர் மேல் தூக்கி வைத்தாள்.

"எங்களுக்கு எங்கக்கா நேரம்? நீ வச்சுக்கோ. இங்க கிடந்து வீணாப் போகுது."

மௌரீன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு இன்னும் நாளிருக்கும்போதே உட்கார்ந்து மூன்று டப்பா கல்கல் செய்து சுவர் மேல் வைத்தாள். வைத்த பிறகுதான் தொட்டியைப் பிரித்தாள்.

"நம்ம வீட்டு லைன் பழசு, தாங்காது" என்றார் ஓஸ்வால்ட். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது. மௌரீன் கேட்கவில்லை. ஹீட்டரைப் போட்டாள். வீடு முழுக்க கரண்ட் போனது. மறுபடி போட்டாள், மறுபடி போனது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, மத்தியானம் முழுவதும் கேஸ் அடுப்பில் குண்டான் குண்டானாக வெந்நீர் காய்ச்சினாள். ஓஸ்வால்ட் மாடிக்குச் சுமந்து ஊற்றினார். ஊற்றி முடித்ததும், "நீங்களும் வாங்களேன்" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஹாக்கி பார்க்கக் கீழே போனார்.

நைட்டியோடு இறங்கி உட்கார்ந்தாள். இரண்டு வருடம் ஏங்கிய இடம். முட்டிக்கு இதமாகத்தான் இருந்தது. நாலு பேர் உட்காருகிற தொட்டியில் எந்தப் பக்கம் சாய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள். எதிரே யாரும் இல்லை. ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர் மெல்ல ஆறியது.

எழுந்துவிடலாம் என்று பார்த்தாள். பிடிமானம் இல்லை, காற்றடைத்த விளிம்பு அமுங்கியது, முட்டி மடங்க மறுத்தது. ஓஸ்வால்டைக் கூப்பிட்டாள். கீழே வர்ணனையின் சத்தம்தான் கேட்டது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. துணி மடித்துக்கொண்டிருந்த லீனா ஏதோ சொல்ல, டீனா மூச்சுமுட்டச் சிரித்தாள். தொட்டி இல்லை, வெந்நீர் இல்லை, குமிழி இல்லை. அதே சிரிப்பு.

மௌரீனால் பொறுக்க முடியவில்லை. "ஏன்டி, எதுக்குடி சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்." டீனாவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "தண்ணி நல்லா சூடா இருக்கா?"

மௌரீன் நெஞ்சுவரை ஏறிய குளிரோடு கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"ம். நல்ல சூடு" என்றாள்.