முட்டின இடத்தில் கோடு

பூமாரிக்கு வாய்தான் முந்தும்; புத்தி பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவரும். மூணாறு டவுனுக்கு மேலே, சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காலனியில் இது எல்லோருக்கும் தெரியும். எஸ்டேட்டில் இருபது வருஷம் கொழுந்து எடுத்தவள், இப்போது சித்திரபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறை துடைத்துப் படுக்கை விரிக்கிறாள். கிராம சபையில் அவள் வாயைத் திறந்ததுதான் வினை.

காலனிக்கு ஒரே நடைபாதை. ஆளாளுக்குக் குளியலறை, விறகுக்கொட்டகை என்று இழுத்துக் கட்டி அதைக் குறுகலான சந்தாக ஆக்கி வைத்திருந்தார்கள். வழியை நீங்களே இடித்து அகலமாக்கிக் கொடுத்தால் படியும் கைப்பிடியும் போட்டுத் தருகிறோம் என்றார் வார்டு மெம்பர். யார் எவ்வளவு இடிப்பது? டேப்பைப் பிடிப்பதிலேயே மூன்று சண்டை. அப்போதுதான் பூமாரி எழுந்தாள்.

"டேப்பெல்லாம் வேணாம். நாக்காலியில ஒரு ஆள உக்கார வச்சு மேல இருந்து தூக்கிட்டு வருவோம். எங்க முட்டுதோ அங்க கோடு."

எல்லோரும் உடனே சரியென்றார்கள். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்த பொன்ராஜை அப்படித்தான் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். பருத்த உடம்புக்காரர். கடைசி வளைவில் நாற்காலி சிக்கியது. சாய்த்து, இறக்கி, மறுபடி தூக்கி ரோட்டுக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார். அந்த வளைவில் நீட்டிக்கொண்டிருப்பது பூமாரியின் அடுப்படி. ஒருவர்கூட அவளிடம் அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது மனசு ஆறியிருப்பாள்.

சபை முடிந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரிசார்ட்டில் விரித்த படுக்கையையே திரும்ப விரித்தாள். வீட்டுக்கு வந்தால் பாதையைச் சாண் போட்டுப் பார்த்தாள். நேற்று இருந்த சாண் இன்று கூடவா போகிறது? அந்த அடுப்படி அவள் புருஷன் ஈஸ்வரன் லீவு நாளெல்லாம் செங்கல் சுமந்து தன் கையாலேயே கட்டியது. அவனிடம் சொல்ல நாலு தடவை போனாள். எதற்கும் முந்துகிற வாய் இதற்கு மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவராக எல்லோரும் கூடினார்கள். இருப்பதிலேயே எடை குறைந்தவள் என்று பூமாரியையே நாற்காலியில் ஏற்றி, சாக்பீஸைக் கையில் கொடுத்தார்கள். வழியில் பதினோரு சுவர் முட்டியது, பதினொன்றிலும் கோடு விழுந்தது. முனகினார்களே தவிர யாரும் மறுக்கவில்லை. கடைசி வளைவில் நாற்காலியின் கால் அடுப்படிச் சுவரில் இடித்தது.

முன்னால் பிடித்திருந்தவன் வினோ, பொன்ராஜின் மகன், ஜீப் ஓட்டுகிறவன். "லேசாச் சாய்ச்சாப் போயிரும் அத்தே," என்றான். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அவ்வளவு பிரியம் அவள் மேல். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சாய்க்காதப்பா. ஒங்க அப்பாவையும் இப்பிடித்தான் சாய்ச்சோம்."

வினோ நாற்காலியை நேராகவே பிடித்துக்கொண்டான். வாசலில் ஈஸ்வரன் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் பூமாரி கோட்டை இழுத்தாள். அது கோணலாகப் போனது.

ஈஸ்வரன் இறங்கி வந்து சாக்பீஸை வாங்கினான். அவள் போட்ட கோட்டை உள்ளங்கையால் அழித்தான். பிறகு ஒரு சாண் உள்ளே தள்ளி, நேராக வேறொன்று போட்டான்.

"பொன்ராஜண்ணே என்ன, ஒன்னைய மாதிரி ஒல்லியாவா இருந்தாக?"