விரிகிற சன்னம்

மெல்பேர்னில் துப்பாக்கிக் கடைக்குள் குழந்தையின் தள்ளுவண்டியோடு போகலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைக்காரர் என் மகளைப் பார்த்து “ஹலோ டார்லிங்” என்று கொஞ்சிவிட்டு, அதே சிரிப்போடு துப்பாக்கிச் சன்னங்களில் மூன்று வகையைக் கண்ணாடி மேசையில் எடுத்து வைத்தார். ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன்காரர் மீன் காட்டுவதும் இப்படித்தான்.

நாங்கள் அங்கே போனது, போன மாதம் செத்த ஒரு மானால். என் கணவருக்கு வேலையிடத்து நண்பர் வேட்டை பழக்கியிருந்தார். புல்வெளியை மான்கள் அழிக்கின்றன என்று ஒரு பண்ணைக்காரர் கூப்பிட, குறிசுட்டுப் பழக வைத்திருந்த, நுனிவரை செம்பு மூடிய சன்னத்தையே இவர் கொண்டுபோனார். ஓட்டை சின்னது, வலியும் குறைவு என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது மானின் வயிற்றுக்குள்ளால் போய் மறுபக்கம் வந்தது. மான் விழவில்லை, ஓடியது. தூரத்தில் காரில் இருந்த நானும் தூங்கிய மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வர, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் போனோம். பற்றைக்குள் பின்கால்களை இழுத்தபடி எழும்பப் பார்த்துக்கொண்டு கிடந்தது. எங்களைக் கண்டதும் கத்தியது. மான் அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது. இவர் கழுத்தில் இன்னொன்று சுட்டார். என் தோளில் மகள் திடுக்கிட்டு விழித்தாள்.

கடைக்காரர் விளக்கினார். நுனியில் ஈயம் தெரிகிற இது, சதையில் பட்டதும் காளான்போல விரியும். மிகவும் மென்மையானது தோள் எலும்பிலேயே சிதறிவிடும். மிகவும் கடினமானது விரியாமல் போய்விடும். நடுத்தர அளவு விலங்குக்கு இரண்டுக்கும் இடைப்பட்டது வேண்டும். எவ்வளவு விரியும் என்று கேட்டேன். “டோன்ட் வொறி லவ், தோள் இறைச்சி கொஞ்சம்தான் பழுதாகும்” என்றார். நான் இறைச்சிக்குக் கவலைப்படுவதாக நினைத்துவிட்டார்.

வன்னியில் பதுங்குகுழி வாசலில் என் தம்பிக்குத் தொடையில் சன்னம் பட்டது. வைத்தியர் வரும்வரை நான்தான் காயத்தை இறுக்கி அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். வைத்தியர் பார்த்துவிட்டு, “துளைச்சுக்கொண்டு போட்டுது பிள்ளை, தப்பிட்டான்” என்றார். நல்ல சன்னம் என்றால் உடம்பை விட்டுப் போய்விடுவது என்று அன்றைக்குப் படித்தேன். இங்கே நல்லது, உள்ளே நின்று கிழிப்பது.

“நீரே சொல்லும்,” என்றார் இவர். “வேண்டாமெண்டால் துவக்கையே திருப்பிக் குடுக்கிறன்.”

“நான் சொன்னால் மான்ர பாவம் எனக்கெல்லோ?”

“பாதிப் பாதி எடுப்பம். இறைச்சியும் அப்பிடித்தானே.”

பிழையாகச் சொன்னால் இன்னொரு மான் அப்படிக் கத்தும். சரியாகச் சொன்னால், தம்பியைக் கொன்றிருக்கக்கூடிய ஒன்றை நான் தெரிவுசெய்கிறேன். கடைக்காரர் பொறுமையாக நின்றார்.

“விரியிறதை எடுங்கோ.”

அந்தச் சனிக்கிழமை மான் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது. நான் கத்தலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. இவர் கிழித்தபோது நுரையீரல் கூழாகியிருந்தது. மறுபக்கத் தோலுக்கடியில் நின்ற சன்னத்தைத் தோண்டியெடுத்து, “பாரும், வடிவா விரிஞ்சிருக்கு” என்று என் உள்ளங்கையில் வைத்தார். “ஓம், நல்லது” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகுதான் என் மற்றக் கையைப் பார்த்தேன். அது செத்த மானின் காயத்தை இறுக்கி அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.